எப்போதும் நிரம்பியே திரும்பும் வண்டி

"ஸ்டோர்டால், வெர்னா. வயது எழுபத்திரண்டு. தனியாக வசிப்பவர். நடமாட்டம் குறைந்தவர். வெளியே செல்ல அக்கம்பக்கத்தாரின் வாகனங்களை நம்பியிருப்பவர். பனிப்புயலின்போது முதலில் விசாரிக்கப்பட வேண்டியவர்."

எங்கள் மாவட்ட அலுவலகத்தின் குளிர்காலப் பட்டியலில் வெர்னா இப்படித்தான் இருக்கிறார். பெயரும் வயதும் சரி. தனியாக வசிப்பதும் சரி. மற்றதெல்லாம் அவர் இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்த ஒன்றரை மாதத்துக்குப் பொருந்தியவை. எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகும் யாரும் அவற்றை அடிக்கவில்லை. அடிக்கச் சொல்லி வெர்னாவும் கேட்கவில்லை. ஆகவே புயல் எச்சரிக்கை வந்த மறுநிமிடம் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தவறாமல் போன் செய்வாள்.

"வெர்னாம்மா, அவசரம்னா உங்களக் கூட்டிட்டுப் போக பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன் இல்லாம? எல்லாரும் இருக்காங்க. இப்போ என் வண்டிய எடுத்துட்டுப் போயிருக்காங்க, அவ்வளவுதான்."

"அப்பாடா, நல்லது," என்று அந்தப் பெண் எதையோ குறித்துக்கொள்வாள். பெயரை எடுத்துவிடச் சொல்ல வேண்டியதுதானே என்று ஒருமுறை நான் கேட்டதற்கு வெர்னா சொன்ன பதில்: "நல்லாப் பேசுறா அந்தப் பொண்ணு. பேர எடுத்துட்டா போன் வராது."

அந்த வண்டி தொண்ணூறுகளில் செய்த டீசல் பிக்கப்: முன்னால் இரண்டு வரிசை ஸீட், பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தொட்டி. வெர்னாவின் கணவர் கிளிஃபர்ட் வாங்கியது. அவர் போய்ப் பல வருஷமாகிறது, வண்டி போகவில்லை. ஒரு காலத்தில் நீல நிறம். அமெரிக்காவில் எங்கள் வடக்கு டகோட்டாவின் சரளைக்கல் சாலைகளில் எந்த நிறமும் கடைசியில் ஒரே நிறம்தான்.

எங்களில் பாதிப் பேரிடம் புதிய வண்டி உண்டு. புதிய வண்டிக்கு அறிவு அதிகம். கடும் குளிரில் அதன் உள்ளே ஏதோ ஒரு சென்சாருக்குச் சந்தேகம் வந்துவிட்டால், ஒரு மஞ்சள் விளக்கை ஏற்றிவைத்துவிட்டு மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். வெர்னாவின் வண்டிக்கு அந்த அளவுக்கு அறிவு கிடையாது. அதனால் அது ஓடியது. வைக்கோல் உருளை ஏற்ற, கன்று ஏற்ற, பனியில் சிக்கிய அறிவாளி வண்டிகளை இழுக்க, கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் கட்டிலைக் கொண்டுபோக, எல்லாவற்றுக்கும் அதுதான்.

சாவி வண்டியிலேயே இருக்கும். எடுப்பவர் சமையலறை ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டு எடுத்துப் போகலாம். வாடகை என்ற பேச்சே எழுந்ததில்லை. நன்றி என்ற சொல்லையும் எங்கள் பக்கம் சிக்கனமாகத்தான் செலவழிப்போம். நார்வேயிலிருந்து கப்பலேறி வந்த பாட்டன்மார் அதை மூட்டையில் வைக்க மறந்துவிட்டார்கள் போல. மிகவும் நெகிழ்ந்துபோன ஒருவர் "வண்டி பரவாயில்ல" என்பார். ஆனால் எடுத்த வண்டியை டேங்க் நிரப்பித்தான் கொண்டுவந்து விட வேண்டும். அரை டேங்க் இருக்கையில் எடுத்து அடுத்த பண்ணை வரை போய் வந்தவரும் கழுத்து வரை நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

பெட்ரோல் பங்க் தொலைவு. அவரவர் பண்ணையில் நிற்கும் பீப்பாயிலிருந்துதான் ஊற்றுவார்கள். இங்கேதான் எங்கள் ஊரின் நல்ல குணம் தன் வேலையைக் காட்டியது. டிராக்டருக்கான டீசலுக்குச் சாலை வரி கிடையாது. அதனால் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். அதைச் சாலையில் ஓடும் வண்டியில் ஊற்றுவது குற்றம். எங்கள் ஆட்கள் சட்டத்துக்கு அடங்கியவர்கள், அடுத்தவர் வண்டி என்றால் இன்னும் கூடுதலாக. ஆகவே வெர்னாவின் வண்டிக்கென்றே சாயமில்லாத டீசலில் தனியாக ஒரு பீப்பாய் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு நாலைந்து தடவைதான் அதைத் திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது வெயிலிலும் பனியிலும் நின்று, உள்ளுக்குள் வியர்த்து, துருவையும் தண்ணீரையும் கறுப்புச் சளியையும் சேமித்துக்கொண்டிருக்கும். எவனாவது ஒரு அயோக்கியன் தினமும் புழங்கும் சிவப்பு டீசலைத் திருட்டுத்தனமாக ஊற்றியிருந்தால் வண்டிக்கு நல்லதாக இருந்திருக்கும். எங்களிடம் அயோக்கியர்கள் பற்றாக்குறை.

ஆரின் ஃப்ளாட்லாண்டின் பீப்பாய் எல்லாவற்றுக்கும் மூத்தது. அவர் அப்பா நிறுத்தியது. நாலு இரும்புக் கால்கள் மேல் ஆளுயரத்துக்கு நிற்கும். குழாயைத் திறந்தால் டீசல் தானாக இறங்கும். ஆரின் வெர்னாவுக்கு அடுத்த பண்ணைக்காரர். அடுத்தது என்றால் மூன்று மைல். மனைவி இல்லை. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனை அறுபது மைல் தள்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம். மருத்துவமனை வேன் தார்ச்சாலை முடியும் இடம் வரை வரும். ஆரினின் வீடு தார்ச்சாலைக்கு ரொம்ப உள்ளே. ஆகவே வெளியே செல்ல அக்கம்பக்கத்தாரை நம்பியிருப்பவரான வெர்னாதான் திங்கள், புதன், வெள்ளி அவரைக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தார்.

மாடுகளை ஆரின் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். வேலி கட்டத் தெம்பில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வெர்னா காபிக்கு வரும்போது, வெளியே போய் அவர் வண்டிக்கு டேங்க் நிரப்புவதுதான் ஆரினுக்கு மிஞ்சியிருந்த ஒரே வேலை. குழாயைச் செருகிவிட்டு, டேங்க் நிரம்பும் சத்தத்தைக் கேட்டபடி ஒரு முதலாளி மாதிரி நிற்பார்.

அந்த இலையுதிர்காலத்தில் வண்டி நிற்கத் தொடங்கியது. முதலில் ஆற்று மேடு ஏறும்போது மூச்சு வாங்கியது. பிறகு மேட்டின் நடுவில் நின்றது. மெக்கானிக் மெர்ல் வந்து ஃபீட் பம்பை மாற்றினார். ஃபீட் பம்ப் என்பது டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்ஜினுக்கு அனுப்புகிற சின்னச் சாதனம். மாற்றிய ஒரு மாதத்தில் மறுபடி நின்றது. மூன்றாவது தடவை, நவம்பரில், டயாலிசிஸ் முடிந்து தலைசுற்றலோடு திரும்பிக்கொண்டிருந்த ஆரினை வைத்துக்கொண்டு காற்று ஊளையிடும் மேட்டில் நின்றது. கம்பளியைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் யாராவது வரும்வரை உட்கார்ந்திருந்தார்கள். யாரோ வந்தார்கள். எங்கள் பக்கம் யாராவது வருவார்கள், ஆனால் சாவகாசமாக.

விஷயம் மாநிலத் தலைநகரில் வேலை பார்க்கும் ஆரினின் மகள் மாரித்தின் காதுக்கு எட்டியது. அன்றே கிளம்பி வந்துவிட்டாள்.

"அப்பா, இந்தக் குளிர்காலத்துல இன்னும் ஒரே ஒரு தடவ அந்த வண்டி நடுவழியில நின்னா, நீங்க டவுனுக்கு வந்துரணும். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்ல வீடு பாத்து வச்சிருக்கேன்."

"எதிர்லயா? ஜன்னலத் திறந்தா என்ன தெரியும்?"

"பார்க்கிங்."

"எத்தன மாடு நிக்கும்?"

"அப்பா."

"சரி சரி. ஒரு தடவ நின்னா."

சொன்ன சொல்லை மாற்றுகிறவர் இல்லை ஆரின். அதுதான் வெர்னாவுக்குப் பயம். அந்தப் பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு ஆரின் ஒரு வசந்தம்கூடத் தாங்கமாட்டார் என்று அவருக்குத் தோன்றியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. மெர்லுக்குப் போன் செய்து, "வா, இந்தத் தடவ பம்ப மாத்தாத. ஏன் போகுதுன்னு பாரு," என்றார்.

மெர்லும் வெர்னாவும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். மெர்ல் பழைய ஃபில்டரைக் கழற்றி, வாளால் குறுக்கே அறுத்து, உள்ளே இருந்ததை ஒரு தட்டில் கவிழ்த்தார்.

"காபி மாதிரி இருக்கு," என்றார் வெர்னா.

"நம்ம சர்ச்சுல ஊத்துற காபி இதவிடத் தண்ணியா இருக்கும். வெர்னா, உன் பம்ப்ல ஒரு தப்பும் இல்ல. ஊர்க்காரங்க உனக்கு ஊத்துறது டீசலே இல்ல. பாதி துரு, பாதி தண்ணி."

"ம்."

"சொல்லிரு எல்லார்கிட்டயும். வண்டிய எடுங்க, டேங்கத் தொடாதீங்கன்னு. முதல்ல ஆரின்கிட்டச் சொல்லு. அவன் பீப்பாய்தான் எல்லாத்துக்கும் அப்பன்."

வெர்னா தட்டிலிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மெர்ல், உன் டீசல் வேணாம்னு ஆரின்கிட்டச் சொன்னா, திங்கக்கிழமை வண்டியில ஏற மாட்டான்."

"ஏறாம? செத்துப் போவானே!"

"உனக்கு அவனத் தெரியாதா?"

மெர்ல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். "ஏற மாட்டான்," என்றார்.

"அவனும் ஏற மாட்டான். மத்தவங்களும் சாவியத் தொட மாட்டாங்க. சும்மா வாங்கிக்கிற பழக்கம் ஒருத்தனுக்கும் கிடையாது. அதனால அவன மாத்த முடியாது, பீப்பாயயும் மாத்த முடியாது. வண்டிய மாத்து."

என்னவெல்லாம் மாற்ற வேண்டும் என்று மெர்ல் அங்கேயே நின்று சொன்னார். பழைய ஃபீட் பம்பைத் தூக்கிவிட்டு, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து மாட்டும் பெரிய மின்சார பம்ப். அதோடு இரண்டு பெரிய ஃபில்டர்: ஒன்று துருவைப் பிடிக்க, இன்னொன்று தண்ணீரைப் பிரித்து அடியில் தேக்கிவைக்க, தேங்கியதைத் திறந்துவிட ஒரு திருகு. உறையாமலிருக்க அதற்கு ஒரு சின்ன மின்சூடு. அகலமான புதிய டீசல் பைப்புகள். டீசல் எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரிய ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு முள் மீட்டர். கடைசியாக, டேங்கின் அடியில் ஓட்டை போட்டு ஒரு கிண்ணம்; அழுக்கு டேங்கில் தங்காமல் அதில் இறங்கி ஃபில்டருக்குப் போய்விடும்.

"நல்ல டேங்க் அது. ஓட்ட போட மனசு வரல," என்றார் மெர்ல்.

"நல்ல டேங்க்லதான் ஓட்ட போடணும். கெட்டதுல ஏற்கெனவே இருக்கும்."

சாமான்கள் வந்து சேர்ந்தன. வேலை தொடங்கவில்லை. டேங்கைக் கழற்ற வேண்டுமென்றால் அது காலியாக இருக்க வேண்டும். அந்த வண்டியின் டேங்க் காலியாக இருந்ததே கிடையாது. உறிஞ்சி வேறு பீப்பாயில் விடலாம் என்றால், சுத்தமான பீப்பாய் ஊரில் யாரிடமும் இல்லை என்பதுதான் பிரச்சினையே. ஓட்டித் தீர்த்துவிடலாம் என்று வெர்னா தேவையில்லாத இடத்துக்கெல்லாம் போய் வந்தார். தெரியாத ஊர் நூலகத்துக்குப் போனார். ஒருத்தருக்கும் வேண்டாத ஒரு பழைய சோபாவை நெடுந்தூரம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார். முள் அடியைத் தொட்டது. வண்டியை வாசலில் விட்டு, மெர்லுக்குப் போன் செய்ய உள்ளே போனார். பேசி முடித்து வெளியே வந்தால் வண்டி இல்லை. சாயங்காலம் டுவேன் என்ற பக்கத்துப் பண்ணைப் பையன் கொண்டுவந்து விட்டான்.

"டேங்க் காலியா கெடந்துச்சு, வெர்னா! யாரோ நிரப்பாமலே விட்டுட்டுப் போயிருக்காங்க. என்ன ஜனமோ." அவன் உண்மையிலேயே கோபமாக இருந்தான். "நான் ரொப்பிட்டேன். கவலப்படாதீங்க."

வெர்னா தன் தோட்டத்தில் விளையும் ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கில் ஒரு துண்டு கொடுத்து அவனை அனுப்பினார்.

அடுத்த வாரம் மறுபடி ஓட்டித் தீர்த்ததும், வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாவியை எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டார். மறுநாள் அது ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெர்னாவின் வண்டியில் சாவி இல்லை என்றால் இரண்டே காரணம்தான் இருக்க முடியும்: ஒன்று அவர் படுத்துவிட்டார், இல்லை போய்ச்சேர்ந்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சமையலறை மேசையில் மூன்று வீட்டு ஹாட்டிஷ் வந்து உட்கார்ந்துவிட்டது. இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டெடுக்கும் அந்தப் பதார்த்தத்தை எங்கள் பக்கம் துக்க வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோவோம். கொண்டுவந்த மூன்று பேரும் வெர்னாவே கதவைத் திறந்ததைப் பார்த்துச் சற்று ஏமாந்துதான் போனார்கள். மாவட்ட அலுவலகப் பெண்ணும் போன் செய்தாள்.

"வெர்னாம்மா, உங்க நடமாட்டம் இன்னும் கொறஞ்சு போச்சாமே?"

"ஆமா கண்ணு. வண்டிக்கு அடியில படுத்திருக்கேன்."

படுத்திருந்ததும் நிஜம்தான். மெர்லுக்குத் தோள் போயிருந்தது. கையை உயரத் தூக்க முடியாது. வெர்னாவுக்கு இடுப்பு, ரொம்ப நேரம் நிற்க முடியாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு மெக்கானிக். கிளிஃபர்டின் தகரக் கொட்டகையில் வெர்னா படுத்துக்கொண்டு திருக, மெர்ல் நின்றுகொண்டு திட்ட, டேங்க் இறங்கியது, ஓட்டை விழுந்தது, கிண்ணம் உட்கார்ந்தது. முதல் தடவை பைப் ஒன்று ஏர் இழுத்தது. எஞ்ஜின் இரண்டு தரம் இருமிவிட்டு அடங்கியது. அவிழ்த்துத் திரும்பப் போட்டார்கள். அதன்பின் பிடித்துக்கொண்டது. மீட்டரில் முள் எழுந்து நின்றதைப் பார்த்து மெர்ல், "பரவாயில்ல," என்றார். வெர்னா சாவியை வண்டியில் செருகிவிட்டு ஹாட்டிஷைச் சுடவைக்கப் போனார்.

அதிலிருந்து தினமும் எஞ்ஜின் சூடு ஆறுவதற்குள் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, தேங்கியதை ஒரு காலி ஜாம் புட்டியில் வடிப்பது அவர் வழக்கமாயிற்று. யார் வண்டியை எடுத்தார்கள் என்பதைப் புட்டியின் நிறத்தை வைத்தே அவரால் சொல்லிவிட முடியும். சொல்லமாட்டார்.

ஜனவரியில் மாரித் வந்தாள். அப்பாவின் சொல் நிற்கிறதா, வண்டி ஓடுகிறதா என்று நேரில் பார்க்க. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் பனி உருகிய நாள். வெர்னாவும் மாரித்தும் உள்ளே காபி குடித்துக்கொண்டிருக்க, ஆரின் வழக்கம்போல வெளியே போய் டேங்கை நிரப்பினார். ராத்திரியோடு ராத்திரியாக வடக்கிலிருந்து குளிர் இறங்கியது. திங்கட்கிழமை காலையில் எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறையும். மாரித் பின் ஸீட்டில் ஏறிக்கொண்டாள். வழியில் நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஆற்று மேட்டுக்குச் சற்று முன்னால் ஆரின் வெர்னாவிடம் திரும்பினார்.

"நேத்து பீப்பாய் தீந்துபோச்சு. விடுவனா? ரெண்டு காலுக்குக் கீழ கட்டயக் குடுத்துச் சாய்ச்சுட்டேன். கடைசிச் சொட்டு வரைக்கும் உனக்குத்தான்."

மேடு தொடங்கியது. மாரித்துக்கு எஞ்ஜினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெர்னாவின் பார்வை சாலையை விட்டு அந்தச் சின்ன மீட்டருக்குப் போய்ப் போய் வருவது தெரிந்தது. முள் மெல்லச் சாய்ந்தது.

"என்ன, பேச்சக் காணோம்?" என்றார் ஆரின்.

"ருபார்ப் பத்தி யோசிக்கிறேன்."

"ஜனவரியிலயா?"

"இப்போ யோசிச்சாத்தான் உண்டு."

முள் இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. நவம்பரில் வண்டி நின்ற இடம் வந்தது. மாரித் முன் ஸீட்டின் முதுகை இறுக்கிப் பிடித்திருந்தாள். எஞ்ஜின் ஒருமுறைகூட இருமவில்லை. மேட்டின் உச்சியில் முள் ஓரிடத்தில் நின்றது; இறக்கத்தில் திரும்பவும் எழுந்தது. வெர்னா ருபார்ப்புக்கு இந்த வருஷம் எவ்வளவு எரு போட வேண்டும் என்று பேசத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை.

ஆரினை உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மாரித், பார்க்கிங்கில் வெர்னா வண்டிக்கடியில் குனிந்திருப்பதைப் பார்த்தாள். ஜாம் புட்டி நிறைந்துகொண்டிருந்தது: அடியில் செங்கல் நிறத்தில் துரு, அதன்மேல் கலங்கிய தண்ணீர். இரண்டாவது புட்டியும் தயாராக இருந்தது.

"ஐயோ, இது என்னது?"

"உங்கப்பா தேங்க்ஸ் சொல்லியிருக்காரு."

மாரித்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சொன்னாள்: "நான் அவருக்குப் புதுப் பீப்பாய் ஒண்ணு வாங்கித் தந்துடறேன். இல்ல, பங்க்ல நானே ரொப்பிடறேன்."

"ஒண்ணும் வேணாம். அதுக்குத்தான் இதெல்லாம் மாட்டியிருக்கு." வெர்னா புட்டியின் மூடியை இறுக்கி ஸீட்டுக்கடியில் வைத்தார். "நீ அந்த ரெண்டாவது புட்டிய எடு. கை வெறைக்குது."

மாரித் எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வரும் வழியில், மேடு தாண்டியதும், பின்னாலிருந்து சொன்னாள்: "வண்டி நல்லா ஓடுதுப்பா."

"ஓடாம?" என்றார் ஆரின். "நல்ல டீசல் ஊத்துறோம்ல."

மருத்துவமனைக்கு எதிரே மாரித் பார்த்துவைத்த வீட்டை வேறு யாருக்கோ வாடகைக்கு விட்டுவிட்டார்களாம். அதற்குப்பின் நாலு குளிர்காலம் போய்விட்டது. ஆரின் அதே வீட்டில் இருக்கிறார். பீப்பாயும் அதே கால்களில் நிற்கிறது, நிரப்பப்பட்டு. மாவட்டப் பட்டியலில் வெர்னாவின் வயதை மட்டும் திருத்தியிருக்கிறார்கள்.

வெர்னா ஸ்டோர்டால் தன் பழைய பிக்கப்பின் டேங்கில் ஓட்டை போட்டு, பம்பையும் ஃபில்டரையும் பைப்பையும் மாற்றினார். பக்கத்துப் பண்ணைக்காரர் ஊற்றியதை வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். வாரம் மூன்று நாள் அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், திரும்ப அவர் வீட்டிலேயே கொண்டுவந்து விட்டார்.